மாத்திரைக்கு அப்பா வரணும்

அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. மாணவர்கள், ஆசிரியர்கள், வாசல் காவலாளி, தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருக்கும் அவர் சர்க்குலர் சார். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால்கூட கையால் விரட்ட மாட்டார், ஈக்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டு அது படித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார் என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். மிகைதான். ஆனால் ஈக்களைப் பற்றிய சுற்றறிக்கை ஒன்று உண்மையிலேயே அறிவிப்புப் பலகையில் இருந்தது.

அவருடைய சுற்றறிக்கைகளில் தலையாயது பள்ளி மருத்துவ அறையைப் பற்றியது. ஒரு பையன் பக்கத்துப் பையனுக்கு இருமல் மிட்டாய் கொடுத்ததில் ஆரம்பித்து ஆறு பக்கத்தில் போய் நின்றது. பள்ளி வளாகத்துக்குள் யாரும் மருந்து வைத்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நர்ஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பூட்டு திறக்கும். விழுங்கியவர் அரை மணி நேரம் கட்டிலில் கண்காணிப்பில் படுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் பாட்டுக்கு எழுந்து போய்விட முடியாது; வந்த பெற்றோர் கையிலேயே ஒப்படைக்கப்படுவார்.

இதைப் படித்துக் காட்டிய கூட்டத்தில் பி.டி. மாஸ்டர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், இது பசங்களுக்கு மட்டும்தானே?"

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சர்க்குலர் சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பசங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா மாஸ்டர்? நாம கடைப்பிடிக்காததை அவங்க எப்படிக் கடைப்பிடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். தும்மல் மாத்திரை. பூ என்றால் அவருக்கு ஆகாது. இளமையிலிருந்து அந்த அட்டை அவருடைய இதயத்துக்கு நேர் மேலே குடியிருந்தது. தீப்பந்தம் ஏந்தியவர் மாதிரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மருத்துவ அறைக்கு நடந்தார். ஆசிரியர்கள் பின்னால் போனார்கள். நர்ஸ் வாங்கிப் பூட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

மறுநாளிலிருந்து பள்ளியின் போக்கே மாறியது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற கணக்கு டீச்சர், ரத்த அழுத்த மாத்திரைக்காகத் தினமும் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். வந்த அம்மா சும்மா இருப்பானேன் என்று ஏழாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்னம் கற்றுக்கொண்டார். பெற்றோர் இருவரையும் இழந்த வரலாறு ஆசிரியருக்குத் தனி அனுமதியின் பேரில் மனைவியின் அக்கா வந்தார். ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடுமுன், கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் செய்த தப்புகளை நர்ஸிடம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். வரலாறு ஆசிரியர் மாத்திரையை விட்டுவிட்டு நோயையே வைத்துக்கொண்டார். பி.டி. மாஸ்டர் முட்டி வலியை யாருக்கும் தெரியாமல் வளர்த்து வந்தார்.

சர்க்குலர் சாருக்கு மனம் நிறைந்துவிடவில்லை. சட்டம் இருந்தால் போதுமா, நடக்க வேண்டாமா? ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறைக்குள் தள்ளாடி நுழைந்தார். "சிஸ்டர், உயிர் போகுது. ஒரே ஒரு மாத்திரை" என்று அழாத குறையாகக் கெஞ்சினார். நர்ஸுக்கு மனசு இளகியது. அலமாரியைத் திறந்து மாத்திரையைக் கையில் வைத்த நொடியில் சர்க்குலர் சார் நிமிர்ந்து நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து பியூன் சாட்சியாக வெளிப்பட்டார். நர்ஸுக்கு மெமோ. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக் குடித்தனம் நடத்துகிற அந்த அம்மாள் அன்றோடு இளகுவதை நிறுத்திக்கொண்டார்.

அதன் பலன் தலைமையாசிரியர் தேர்வு நாளன்று தெரிந்தது.

பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் வெளிப் பள்ளியிலிருந்து வந்த, மெலிந்து நீண்ட மனிதர். இன்னொருவர் நம்மவர். தேர்வுக் குழு வந்து உட்காரும். இருவரும் அரங்கில் மொத்தப் பள்ளிக்கும் முன்னால் பேச வேண்டும். யார் பேச்சு தேறுகிறதோ அவருக்கு நாற்காலி. பேச்சே பேசாதவருக்கு எதுவும் கிடையாது. சர்க்குலர் சார் 'ஒழுங்கே உயிர்' என்ற தலைப்பில் நாற்பது பக்கம் எழுதி, குளியலறைக் கண்ணாடியின் முன்னால் பேசிப் பேசி அதைக் கண்ணாடிக்கே பாடமாக்கியிருந்தார். அந்த நாற்காலியில் உட்காராமல் ஓய்வு பெற்றால் அவர் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லை என்று நினைத்திருந்தார்.

குழுவை வரவேற்கப் பூச்செண்டுகள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் பூ கூடாது என்று சுற்றறிக்கை விட்டவரும் அவரே. நிஜப் பூதானா என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சோதித்தவரும் அவரே.

நிஜப் பூதான்.

முதல் தும்மலில் மூக்குக் கண்ணாடி கழன்றது. இரண்டாவதில் பூச்செண்டு பாதி காலியானது. அதன் பிறகு எண்ணுகிற நிலையில் யாரும் இல்லை. நீண்ட மனிதர் முதலில் பேசட்டும் என்று பியூனிடம் சைகையிலேயே சொல்லிவிட்டு, தும்மலுக்கு இரண்டு அடி வீதம் மருத்துவ அறையை நோக்கி ஓடினார்.

மருத்துவ அறையில் மூன்று கட்டில்கள், மூன்றும் குழந்தைகள் அளவு. சுவரில் ஒரு கடிகாரம். நடுக்கட்டிலில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தாள். கணக்குப் பாடம் தொடங்கும்போது வயிற்று வலி வந்து, முடியும்போது போய்விடுகிற அபூர்வ வியாதிக்காரி. வயித்துவலிப் பாப்பா என்றால் பள்ளி முழுக்கத் தெரியும்.

"சிஸ்டர், என் மாத்தி... ஹச்! மாத்திரையைக் குடுங்க. சீக்கிரம்."

நர்ஸ் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"பியூன் எங்க சார் நிக்கிறாரு?"

"எந்தப் பியூன்? அவன் ஹால்ல இருக்கான். இது டெஸ்ட் இல்ல சிஸ்டர்."

"போன தடவையும் முதல்ல இதைத்தான் சார் சொன்னீங்க."

"ஹச்! ஐயோ, இது நிஜமான தும்மல்ம்மா! கண்ணைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்கு!"

"அதான் சார் பார்க்கிறேன்." நர்ஸின் குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "போன தடவை தலைவலிக்குக் கண்ணு கலங்கினதோட சரி. இந்தத் தடவை மூக்கும் சேர்ந்து ஒழுகுது. எவ்வளவு பயிற்சி எடுத்திருப்பீங்க!"

"நான் உங்க மேலதிகாரி. நான் சொல்றேன், குடுங்க."

"பக்கம் நாலு சார். 'மேலதிகாரி நேரில் உத்தரவிட்டாலும் கொடுக்கக் கூடாது.' நீங்கதான் எழுதினீங்க, நல்லா எழுதியிருக்கீங்க."

சர்க்குலர் சார் அலமாரியைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய அட்டை, அவருடைய பெயர்ச் சீட்டோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே போய்க் கடையில் வேறு வாங்கலாமா? வாசலில் காவலாளி சோதித்துப் பிடுங்கிவிடுவான். கடையில் மாத்திரை வாங்கி ஒளித்து உள்ளே கொண்டுவந்த கணினி டீச்சரைப் பிடித்துக் கொடுத்ததற்காக அவனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தவரும் இவரே. வாசலுக்கு வெளியே நின்று விழுங்கிவிட்டு வரலாம்தான். ஆனால் பள்ளி நேரத்தில் வெளியே போன ஆசிரியரை அன்று திரும்ப உள்ளே விடக் கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை இருந்தது. தன்னுடைய எழுத்து இவ்வளவு ஓட்டையில்லாமல் இருப்பதை நினைத்து அவருக்கு அந்த நிலைமையிலும் லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது. அடுத்த தும்மலில் அதுவும் போயிற்று.

"சார்," என்றாள் பாப்பா கட்டிலிலிருந்து, "அழுதா நடக்காது. நான் போன வாரமே அழுது பார்த்துட்டேன். பேசாம வீட்டுக்குப் போன் போடச் சொல்லுங்க."

வீட்டில்தான் சிக்கல். அம்மா காலமாகிவிட்டார். இருப்பது அப்பா. அப்பாவும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பல மாதமாகப் பேசிக்கொள்வதில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த ஒரே சொத்து ஒரு பழைய ஸ்கூட்டர். ஒருநாள் அதில் போய்ப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை லேசாகத் தொட்டுவிட்டார். தொட்டி உருண்டு போய்த் தெருமுனையில் நின்றது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அன்று மாலையே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: எழுபது வயதைக் கடந்தவர்கள் வாகனம் ஓட்டக் கூடாது, சாவி குடும்பத் தலைவர் வசம் இருக்கும். "குடும்பத் தலைவரா? அப்ப நான் யாரு, வாடகைக்கு இருக்கேனா?" என்று மருமகளிடம் கேட்டதுதான் அப்பா கடைசியாகப் பேசியது. சாவி அன்றிலிருந்து சர்க்குலர் சாரின் சாவிக்கொத்தில் தொங்கியது.

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் செய்தார்.

"அப்பாகிட்ட... ஹச்! சொல்லு. ஸ்கூலுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"நீங்களே சொல்லுங்க. ஒருத்தர் உப்பு கேட்டா நான் சொல்லணும், இன்னொருத்தர் உப்பு இல்லைன்னா நான் சொல்லணும். நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீஸா?"

"இன்னைக்கு ஒரு நாள்ம்மா. என் வாழ்க்கையே... ஹச்!"

போனைத் தாண்டி அப்பாவின் குரல் கேட்டது. "யாரு, ஸ்கூல்லேர்ந்தா? என்ன பண்ணித் தொலைச்சானாம்?"

"மாமா, உங்களை நேர்ல வரச் சொல்றாங்க."

மகன் பள்ளியில் படித்த காலத்தில் அப்பாவைப் பலமுறை கூப்பிட்டு விட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவர் போனதில்லை. எப்போது கூப்பிட்டாலும் அவர் பஸ்ஸோடு ஏதோ ஓர் ஊரில் இருந்திருப்பார், அம்மாதான் போவார்.

"அந்தக் கோடு போட்ட சட்டையை அயர்ன் பண்ணும்மா," என்றது குரல்.

பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வழி நெடுகப் பிரேக் போடும் விதம் பற்றி அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே அப்பா வந்து சேர்ந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். மருத்துவ அறையில் பெற்றோருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, மகன் பக்கம் திரும்பாமல் நர்ஸைக் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. பையன் எப்படிப் படிக்கிறான்?"

"படிப்பு பரவாயில்ல சார். உடம்புக்குத்தான் முடியல. மாத்திரை குடுக்கிறதுக்கு முன்னாடி சில விவரம் கேக்கணும். பையனுக்கு எத்தனாவது மாசத்துல நடை வந்தது?"

"சிஸ்டர், இதெல்லாம் எதுக்கு? ஹச்! கையெழுத்தை மட்டும் வாங்குங்க!"

"பக்கம் ரெண்டு சார். 'முழு விவரமும் பெறப்பட வேண்டும்.'"

அப்பா மோவாயைச் சொறிந்தார். "நடை லேட்டுதான். பேச்சு சீக்கிரம் வந்துடுச்சு. வந்ததும் முதல் வார்த்தையே 'கூடாது'ன்னுதான்."

"படுக்கையை நனைக்கிற பழக்கம்?"

"மூணாம் கிளாஸ் வரைக்கும் இருந்தது."

பாப்பா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "நான் ஒண்ணாம் கிளாஸ்லயே நிறுத்திட்டேன் சார்," என்று சர்க்குலர் சாருக்குத் தெரிவித்தாள்.

அரங்கத்திலிருந்து நீண்ட மனிதரின் குரல் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. கல்வியின் தோற்றத்தைப் பற்றிச் சொல்லி முடித்து வளர்ச்சிக்குள் நுழைந்திருந்தார். அவர் முடிப்பதற்குள் தும்மல் நிற்க வேண்டும். சர்க்குலர் சார் தாளை அப்பா பக்கம் தள்ளினார். அப்பா பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், பிறகு நிதானமாக மூடினார்.

"சிஸ்டரம்மா, அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க. ஸ்கூட்டர் சாவி எங்கன்னு."

நர்ஸ் திரும்பினார். "சார், ஸ்கூட்டர் சாவி எங்கன்னு அப்பா கேக்குறாரு."

"எழுபது வயசுக்கு மேல... ஹச்! வண்டி ஆபத்துன்னு சொல்லுங்க."

"ஆபத்தாம் சார்."

"நாப்பது பேரை ஏத்திக்கிட்டு மலைப் பாதையில போனப்ப வராத ஆபத்து, குப்பைத் தொட்டியால வந்துடுச்சான்னு கேளுங்க. அப்புறம் மாத்திரையும் ஆபத்துதான்னு சொல்லுங்க. யோசிச்சு ஒரு வாரம் கழிச்சுக் கையெழுத்துப் போடுறேன்."

"ஒரு வாரமாம் சார்."

"காது கேக்குது சிஸ்டர்!"

ஒலிபெருக்கியில் வளர்ச்சி முடிந்து வீழ்ச்சி தொடங்கியது. சர்க்குலர் சார் சாவிக்கொத்தை எடுத்தார். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே நகத்தால் வளையத்தை நெம்பி, அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றி மேஜையில் வைத்தார். அப்பா அதை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கையெழுத்து ஒரே கோட்டில் விழுந்தது. அட்டை வெளியே வந்தது. சர்க்குலர் சார் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார்.

நர்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "அரை மணி நேரம் சார்."

தானே எழுதியதுதான். முழங்கால் மடங்கச் சின்னக் கட்டிலில் படுத்தார். நர்ஸ் வாத்துப் படம் போட்ட போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். அப்பா எழுந்தார். "நான் வண்டியை எடுத்துட்டு வந்துடுறேன். கண்ணு வெச்சுக்குங்கம்மா, ஓடிடுவான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

தும்மல் நின்றுவிட்டது. ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. மூக்கைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிவிடும். சர்க்குலர் சார் இமைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நெற்றியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் தேர்வுக் குழுத் தலைவி. அறுபதைத் தாண்டியவர், அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், பள்ளி முதல்வர்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள் என்று பெயர்.

"ஒரு தலைவலி மாத்திரை குடும்மா. உள்ள ஒருத்தர் பேசுறாரு பாரு, நிறுத்துற வழியே தெரியல அவருக்கு. என் மாத்திரை என் கைப்பையிலதான் இருந்தது. வாசல்ல பையைத் தடவிப் பார்த்து எடுத்து வெச்சுக்கிட்டாங்க."

சர்க்குலர் சாருக்குத் தூக்கம் பாதி கலைந்தது. வாத்துப் போர்வையை நெற்றி வரை இழுத்துக்கொண்டார்.

"உட்காருங்க மேடம்," என்றார் நர்ஸ் அன்பாக. "அம்மா அப்பா யாராவது இருக்காங்களா?"

"எதுக்கு?"

"கையெழுத்துப் போட."

தலைவி அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சிறுமி. ஒரு போர்வை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, பாலிஷ் போட்ட இரண்டு கறுப்பு ஷூக்கள்.

இனி ஒளிவதில் பயனில்லை. சர்க்குலர் சார் எழுந்து உட்கார்ந்தார். "குடுத்துடுங்க சிஸ்டர்! அந்த ரூல் ரத்து! இப்பவே ரத்து பண்ணிட்டேன்!"

நர்ஸின் முகம் மலர்ந்தது. எல்லாம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. "மேடத்தையும் சேர்த்துக்கிட்டீங்களா சார்? காலையில தும்மினது சும்மா ஆரம்பம், இதுதான் மெயின் டெஸ்டா? மேடம், தலையைப் பிடிக்கிறது ரொம்ப இயல்பா இருக்கு."

"நான் நடிக்கலம்மா!"

"சாரும் அதையேதான் சொல்வாரு."

"மேடம்," என்றாள் பாப்பா, "வாதாடுனா இன்னும் லேட்டாகும். அந்தப் பக்கம் கட்டில் காலியா இருக்கு."

தலைவலிக்காரர்களுக்கு நீண்ட நேரம் நிற்கும் தெம்பு கிடையாது. தலைவி மூன்றாவது கட்டிலில் சாய்ந்துகொண்டு தன் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவுக்குக் காது மந்தம். ஆகையால் இரண்டு பக்கத்துப் பேச்சும் எல்லோருக்கும் கேட்டது.

"தலை வலிக்காம என்ன செய்யும்? காலையில ஒரு வாய் சாப்பிடாமப் போனே இல்ல?"

"அம்மா, இங்க ஆளுங்க இருக்காங்க..."

"இருக்கட்டும், அவங்களும் கேக்கட்டும். நான் எப்படி வர்றது? உன் வண்டியை அனுப்பு."

தலைவியின் டிரைவர் வண்டியைக் கழுவக் கொண்டுபோயிருந்தார். அந்த நேரத்தில் வெளியே ஒரு பழைய எஞ்சின் இருமிக்கொண்டே வந்து மருத்துவ அறை வாசலில் நின்றது. அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். காற்று வாரிய தலை. முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு பல்லெல்லாம் தெரிந்தது.

சர்க்குலர் சார் வாத்துப் போர்வையை விலக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அப்பா," என்றார்.

பழக்க தோஷத்தில் நர்ஸ் திரும்பி, "சார், உங்க பையன் அப்பான்னு சொல்றாரு" என்றார்.

"கேட்டுச்சும்மா."

"மேடத்தோட அம்மாவை அவங்க வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வரணும். நீங்க... வண்டியில போய்க் கூட்டிட்டு வர்றீங்களாப்பா?"

அப்பா கையிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு எழுபதைத் தாண்டிடுச்சே, பரவாயில்லையா?"

"ஹெல்மெட் போட்டுக்குங்க. அவங்களுக்கும் ஒண்ணு குடுங்க."

"சரிடா."

எஞ்சின் இருமிக்கொண்டே போனது. மூன்று கட்டிலில் மூன்று பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒலிபெருக்கியில் நீண்ட மனிதர் வீழ்ச்சியிலிருந்து மறுமலர்ச்சிக்கு வந்திருந்தார். குழுத் தலைவி அரங்கில் இல்லை என்பதைக்கூட அவர் இன்னும் கவனிக்கவில்லை.

"நீங்கதானே இன்னொரு ஆள்?" என்றார் தலைவி, கண்ணைத் திறக்காமலே. "மறுபடி ஹாலுக்குப் போக என்னால ஆகாது. இங்கயே பேசிடுங்க. உங்க கொள்கை என்ன?"

இந்தக் கேள்விக்குத்தான் நாற்பது பக்கம். பக்கங்கள் அலுவலக மேஜையில் இருந்தன. மனப்பாடம் மாத்திரைக்குள் கரைந்துகொண்டிருந்தது. 'ஒழுங்கே' என்ற சொல் மட்டும் நினைவுக்கு வந்தது. அதற்கு அடுத்த சொல் என்ன? உயிரா? உறவா? அவர் வாயைத் திறந்தார்.

"மேடம்... மூக்கு அடைச்சவனுக்கு... மாத்திரையைக் குடுத்துடணும்," என்றார். அப்படியே தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாப்பா சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். தலைவி கொஞ்ச நேரம் காத்திருந்தாராம். "அப்புறம்?" என்று கேட்டாராம். "சார் தூங்கிட்டாரு மேடம்" என்று இவள் சொன்னாளாம். "பேச்சு அவ்வளவுதானா?" "அவ்வளவுதான் மேடம்." தலைவியின் கண்ணில் நீர் கோத்ததாம். இத்தனை வருஷமாகத் தலைமையாசிரியர்களைத் தேர்ந்தெடுக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் முடித்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம். பிறகு ஹெல்மெட்டும் கையுமாக அவருடைய அம்மா வந்து, வண்டி ஓட்டின பெரியவரைப் புகழ்ந்துவிட்டு, மகளைத் திட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டாராம். தலைவி மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினாராம். "உங்களை விடச் சத்தமா குறட்டை விட்டாங்க சார்," என்று பாப்பா ஆறுதல் சொன்னாள்.

விதிப்படி அப்பா வந்து மகனைப் பொறுப்பேற்றுக்கொண்டார். கையைப் பிடித்து அரங்கம் வரை கூட்டிப் போனார். மொத்தப் பள்ளியும் எழுந்து நின்று பார்த்தது. புதிய தலைமையாசிரியர் இவர்தான் என்று தலைவி அறிவித்தபோது முதல் வரிசையில் பெற்றோருக்கான இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டி நிறுத்திய பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. நீண்ட மனிதர் மேடையோரத்தில் நின்று, தனக்கு இன்னும் ஒரு பத்தி பாக்கி இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார்.

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சர்க்குலர் சார் செய்த முதல் வேலை, மருந்து விதியை ரத்து செய்து சுற்றறிக்கை விட்டது. நர்ஸ் வாங்கிப் படித்தார். சிரித்தார். மெமோவோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார். "இந்தத் தடவை எழுத்துலயே டெஸ்ட் வெச்சுட்டீங்களே சார்" என்றார். சர்க்குலர் சார் குழுத் தலைவியிடம் போய் அவர் கையெழுத்தையும் வாங்கி வந்து காட்டினார். "மேடம் கையெழுத்தை அப்படியே போட்டிருக்கீங்களே!" என்று நர்ஸ் வியந்தார். அலமாரி திறக்கவில்லை. அந்த விதி இனி இந்தப் பூமியில் யாராலும் அசைக்க முடியாததாகிவிட்டது.

ஆகவே சர்க்குலர் சாருக்குத் தும்மல் வரும்போதெல்லாம் வீட்டுக்குப் போன் போகிறது. அப்பா கோடு போட்ட சட்டையில் ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறார். பையன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரிக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அரை மணி நேரமும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எந்த மலைப் பாதையில் எந்த வளைவை எப்படித் திருப்பினார் என்று மகனுக்குச் சொல்கிறார். மகன் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறார்.

சென்ற வாரம் புதிய சுற்றறிக்கை ஒன்று வந்தது. திங்கட்கிழமைதோறும் தலைமையாசிரியர் மேஜையில் ஒரு பூச்செண்டு வைக்கப்பட வேண்டும். நிஜப் பூவாக இருக்க வேண்டும். அவர் விட்ட சுற்றறிக்கைகளிலேயே காரணம் குறிப்பிடப்படாதது அது ஒன்றுதான்.